கழுவ முடியாததை வாங்காதீர்கள்

கால்நடை மருத்துவத்தில் இடம் கிடைத்த கையோடு எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: என்னென்ன வாங்க வேண்டும்? கல்லூரி ஒரு பட்டியல் தரும், சீனியர்கள் ஒரு பட்டியல் தருவார்கள், யூடியூபில் யாரோ ஒருவர் புத்தம்புதுப் பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக்கொண்டிருப்பார். மூன்றையும் சேர்த்து வாங்கினால் சின்னதாக ஒரு கிளினிக்கே திறந்துவிடலாம். அதில் பாதி முதல் வருடம் முழுக்கப் பையை விட்டு வெளியே வராது, கால்வாசி கடைசி வருடத்திலும் வராது.

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் பட்டியல் கொடுப்பதில்லை. கடையில் எதைக் கையில் எடுத்தாலும் "இதைக் கழுவ முடியுமா?" என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள் என்பேன். சாணம், மூத்திரம், ரத்தம், சீழ், பனிக்குட நீர், இறந்த உடலைக் கெடாமல் வைக்கிற ஃபார்மலின், எதுவுமே இல்லாவிட்டால் உதிர்ந்த முடி. இந்தப் படிப்பு முடிகிறவரை இவற்றில் ஏதாவது ஒன்று உங்கள் மேல் இருந்துகொண்டேதான் இருக்கும். நாற்றம் கூடப் பழகிவிடும். ஆனால் ஒரு தொழுவத்தில் உங்கள் மேல் ஒட்டியது அடுத்த தொழுவத்துக்குப் போகக்கூடாது, வீட்டுக்கும் வரக்கூடாது. பிராண்டு, நிறம், விலை எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

காலிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் கையில் இருக்கிற பணத்தில் பெரும்பகுதியை அங்கேதான் போடச் சொல்வேன். முழங்கால் உயர கம்பூட்ஸ். ரப்பர், பிவிசி, பாலியூரித்தேன் என்று மூன்று விதத்தில் கிடைக்கும். ரப்பர் வளைந்து கொடுக்கும், ஆனால் கனம் அதிகம். நாளாக ஆக வளையும் இடத்தில் வெடிப்பு விடும். பிவிசி மலிவு, குளிரில் விறைத்துப் போகும். பாலியூரித்தேன் இலேசு, நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு அதுதான் சுகம், விலையும் அதற்கேற்ப இருக்கும். எதை வாங்கினாலும் முன்பக்கம் இரும்புத் தொப்பி வைத்ததாக வாங்குங்கள். பாதுகாப்புக் காலணிகளுக்கான ஐஎஸ்ஓ 20345 தரத்தில் விரல் பகுதி 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும் என்று இருக்கிறது. கிட்டத்தட்ட 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கால் விரலில் விழுகிற அடி அது. 500 கிலோ மாடு வேண்டுமென்றே மிதிக்காது. தன் பாட்டுக்கு நகரும், உங்கள் கால் மேல் குளம்பை வைக்கும், அப்புறம் அங்கேயே நின்று அசைபோட ஆரம்பிக்கும். நீங்கள் தள்ளினால் அதுவும் உங்கள் மேல் சாயும். அந்த நேரத்தில் பூட்ஸுக்குக் கொடுத்த காசு கண்ணுக்குத் தெரியாது.

வாங்கும்போது அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். பள்ளங்கள் ஆழமாக இருந்தால் வழுக்காது என்பது சரிதான். ஆனால் ஆழமாகவும் குறுகலாகவும் இருந்தால் சாணம் உள்ளே போய் இறுகிக்கொள்ளும், பிரஷ் நுழையாது. விரல் நுனி போகிற அளவுக்கு அகலமான பள்ளம்தான் வேண்டும். இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், பண்ணை வாசலில் கிருமிநாசினித் தொட்டி வைத்திருப்பார்கள், எல்லோரும் அதில் காலை ஒரு முக்கு முக்கிவிட்டு உள்ளே போவார்கள். சாணம் ஒட்டிய பூட்ஸில் அந்த மருந்து ஒன்றும் செய்யாது. பெரும்பாலான கிருமிநாசினிகள் சாணம், ரத்தம் மாதிரியான அழுக்கோடு சேர்ந்தால் வீரியம் இழந்துவிடும். முதலில் தண்ணீரும் பிரஷும், அப்புறம்தான் மருந்து, அதுவும் டப்பாவில் போட்டிருக்கிற நேரம் வரை ஊற வேண்டும். கோமாரி நோய் வைரஸ் பூட்ஸிலும் துணியிலும் வண்டிச் சக்கரத்திலும் ஏறிப் பயணம் போகிற வகை. அதனால் சில பண்ணைகளில் உங்கள் பூட்ஸை உள்ளேயே விடமாட்டார்கள், அவர்களுடையதைத்தான் கொடுப்பார்கள். கோபப்படாதீர்கள், அப்படிப்பட்ட பண்ணைதான் நல்ல பண்ணை.

கிளினிக்குக்கு வேறு ஷூ. மூடிய ஷூ, மேல்பாகம் வலைத்துணியாக இல்லாமல் துடைக்கக்கூடியதாக. ஓடுவதற்கான ஷூ காலுக்கு எவ்வளவு இதமாக இருந்தாலும் நாயின் மூத்திரம் அந்த வலையில் இறங்கினால் முடிந்தது கதை.

அடுத்தது ஓவரால். கால்நடை மருத்துவர் என்றால் எல்லோர் மனசிலும் வருகிற அந்த உடுப்பு. மூன்று இருந்தால் நிம்மதி: ஒன்று உடம்பில், ஒன்று துவைப்பில், ஒன்று பையில். முழுப் பருத்தி வியர்வைக்கு நல்லது, ஆனால் நனைந்தால் கனத்துப்போய் காயவே காயாது. பாலியஸ்டர் கலந்தது சீக்கிரம் உலரும். பட்டனுக்குப் பதிலாக அழுத்துப் பட்டன் உள்ளதைத் தேடுங்கள், கொம்பிலோ கேட்டிலோ மாட்டினால் இழுத்த இழுப்பில் திறந்துகொள்ளும். பிரசவம் பார்க்கப் போகிற இடத்துக்கு அரைக்கை. முழுக்கையை மடித்துவிட்டால் போதாதா என்றால், போதாது. கை உள்ளே போகும்போது அந்த மடிப்பு நழுவி இறங்கும், அதை மறுபடி ஏற்றிவிட உங்களுக்குச் சுத்தமான கை ஒன்றுகூட மிச்சம் இருக்காது. மார்புப் பாக்கெட் மூடி போட்டதாக இருக்கட்டும். குனிகிற தொழில் இது. மூடியில்லாத பாக்கெட்டிலிருந்து விழுந்த பேனாக்களும் தெர்மாமீட்டர்களும் எத்தனையோ தீவனத் தொட்டிகளுக்குள் கிடக்கின்றன, அதை மாடு விழுங்கினால் அது வேறு கேஸ்.

பெண்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்தப் பட்டியலிலும் இது இருக்காது. கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துணியாக இருக்கிற ஓவராலைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்கப் பண்ணையில் நிற்கும்போது, கழிப்பறைக்குப் போவது என்றால் முழுசாகக் கழற்ற வேண்டும், அதுவும் அந்தத் துணி ஈரத் தரையில் படாமல். பல பேர் இதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். மேல்சட்டை தனி, நீர் புகாத கால்சட்டை தனி என்று இரண்டு துண்டாக வாங்குங்கள், பாதுகாப்பில் ஒரு குறையும் வராது. அதோடு இந்த உடுப்புகளில் பெரும்பாலானவை ஆண்களின் உடம்புக்கு அளவெடுத்தவை. தோள் இறங்கி, கை நீண்டு, கால் தரையில் புரளும். தைக்கிறவரிடம் கொடுத்து அளவாக்கிக்கொள்ளுங்கள். தொளதொளவென்று தொங்கும் துணி மாட்டுக் கொட்டிலில் ஆபத்து, பன்றிப் பட்டியில் இன்னும் ஆபத்து.

துவைப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். வீட்டுத் துணியோடு போடாதீர்கள். பண்ணையிலேயே கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டி, பிளாஸ்டிக் பையில் கட்டி, துணி தாங்குமானால் 60 டிகிரி வெந்நீரில் தனியாகத் துவையுங்கள். கன்றுக்குட்டிகளிடம் வட்டவட்டமாக வருகிற படர்தாமரை மனிதருக்கும் தொற்றும், அந்தப் பூஞ்சையின் வித்துகள் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வகுப்பில் யாராவது ஒருவர் முழங்கையில் சிவப்பு வட்டத்தோடு வருவது எல்லா பேட்ச்சிலும் நடக்கிறதுதான்.

லேப் கோட் என்பது லேபுக்கு மட்டும். வெள்ளைக் கோட்டோடு தொழுவத்துக்குள் நுழைவது போட்டோவுக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

அனாட்டமிக்கு, அதாவது உடலை அறுத்துப் படிக்கிற வகுப்புக்கு வருவோம். ஃபார்மலினில் ஊறிய உடலோடு பல மாதம் கழிக்கப் போகிறீர்கள், அதனால் அதற்கென்று ஒரு பழைய உடுப்பை ஒதுக்கிவிடுங்கள், வருடம் முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடலாம். அந்த வாடை துணியை விட்டுப் போகாது. ஃபார்மலினில் இருக்கிற ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் வகைப்படுத்தியது. பயந்துகொண்டு வகுப்புக்குப் போகாமல் இருக்க இதைச் சொல்லவில்லை. கையுறை, கண்ணாடி, காற்றோட்டம் இந்த மூன்றிலும் சோம்பல் கூடாது, அதற்காகத்தான். கையுறை நைட்ரைலாக இருக்கட்டும், மெல்லிய லேடெக்ஸை விட அது ஃபார்மலினை நன்றாகத் தடுக்கும், ஆனாலும் அதையும் நடுநடுவே மாற்ற வேண்டும். கண்ணுக்கு நாலு பக்கமும் மூடிய காகிள்ஸ். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அன்றைக்கு மட்டும் சாதாரணக் கண்ணாடிக்கு மாறிவிடுவது நல்லது.

டிசெக்‌ஷன் பாக்ஸில் பத்துப் பன்னிரண்டு கருவிகளை அழகாக அடுக்கி விற்பார்கள். உங்கள் கை தேடப்போவது நான்கைத்தான்: ஸ்கால்பெல் என்கிற அறுவைக் கத்தியின் பிடி, பல் வைத்த ஃபார்சப்ஸ் (இடுக்கி), முனை மழுங்கிய கத்தரிக்கோல், ப்ரோப் என்கிற துழாவும் கம்பி. ஸ்கால்பெல் பிடியில் 3-ஆம் எண், 4-ஆம் எண் என்று இரண்டு உண்டு. 3-க்கு 10, 11, 15 எண் பிளேடுகள் பொருந்தும், 4-க்கு 20-லிருந்து 24 வரை. பெரிய மிருகத்தின் தோலை உரிக்க 4, நுணுக்கமான வேலைக்கு 3. மாற்றி வாங்கிவிட்டு பிளேடு ஏறவில்லை என்று முதல் நாளே முழிப்பவர்கள் உண்டு. பிளேடை விரலால் மாட்டவோ கழற்றவோ கூடாது, ஹீமோஸ்டேட் என்கிற கவ்வும் இடுக்கியால் பிடித்துத்தான்.

ஆனால் உண்மையில் நல்ல டிசெக்‌ஷன் செய்கிறவர்கள் ஸ்கால்பெலைத் தோலோடு கீழே வைத்துவிடுவார்கள். அதற்கப்புறம் எல்லாம் கத்தரிக்கோலின் மழுங்கிய முனைதான். மூடியபடி திசுவுக்குள் மெல்ல நுழைத்து, உள்ளே வைத்துத் திறப்பார்கள். கொழுப்பும் சவ்வும் இழை இழையாகப் பிரிந்து விலகும், நடுவில் நரம்பு மட்டும் வெள்ளை நூலாக அறுபடாமல் நிற்கும். வெட்டுவதற்குச் செய்த கருவியை வெட்டாமல் பயன்படுத்துகிற இந்தப் பழக்கம் கைக்கு வந்துவிட்டால் அறுவை சிகிச்சை வகுப்பில் பாதி வேலை மிச்சம். கருவிகளை அன்றன்றே கழுவித் துடைத்து, மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். ஈரத்தோடு பெட்டியில் போட்டு மூடினால் ஸ்டெயின்லெஸ் என்று எழுதியிருப்பதும் துருப்பிடிக்கும்.

சரி, ஸ்டெதஸ்கோப். எல்லோரும் முதலில் வாங்க ஆசைப்படுவதும் இதுதான், தேவைக்கு மேல் காசு போவதும் இதில்தான். 1816-இல் லெனெக் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஒரு காகிதக் கட்டைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார், அங்கிருந்துதான் இந்தக் கருவி தொடங்குகிறது. சுருட்டிய காகிதத்திலேயே இதயம் கேட்டது என்றால், முதல் வருடத்தில் இருதய நிபுணர்கள் மாட்டுகிற மாடல் எதற்கு? இரண்டு பக்கத் தலை உள்ள நடுத்தரமான ஒன்று போதும். தட்டைப் பக்கம் உயர்ந்த ஒலிகளுக்கு, குழிந்த பக்கம் தாழ்ந்த ஒலிகளுக்கு. பூனைகளையே அதிகம் பார்க்கப் போகிறீர்கள் என்றால் குழந்தைகளுக்கான சின்னத் தலை வைத்தது உதவும், பெரிய தட்டு பூனையின் பாதி மார்பை மூடிவிடும். காதில் மாட்டும்போது முனைகள் மூக்குப் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டிக்கொண்டு "ஒன்றுமே கேட்கவில்லை, டூப்ளிகேட் போல" என்று சொல்கிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். கழுத்துத் தோலில் நேரடியாகப் படும்படி தொங்கவிட்டே வைத்திருந்தால் வியர்வையும் எண்ணெயும் குழாயை விறைக்க வைத்துவிடும், தொழுவத்தில் அது கொம்பில் மாட்டுகிற கயிறு வேறு. பாக்கெட்டில் வையுங்கள். ஒவ்வொரு மிருகத்துக்கும் இடையில் துடையுங்கள்.

பெரிய விலை ஸ்டெதஸ்கோப் செய்யாத வேலையைப் பழகிய காது செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம். கன்று ஈன்று சில வாரமே ஆன கறவை மாடு தீவனத்தை ஒதுக்குகிறது, பால் குறைந்துவிட்டது. இடது பக்கம் போய், கடைசி நாலைந்து விலா எலும்புகள் இருக்கிற பகுதியில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, அதற்குப் பக்கத்திலேயே விலா மேல் விரலைச் சுண்ட வேண்டும். சாதாரணமாக மந்தமான சத்தம்தான் வரும். நான்காவது இரைப்பையான அபோமேசம் காற்று நிறைந்து இடது பக்கமாக மிதந்து ஏறியிருந்தால், கூடைப்பந்து சிமெண்டுத் தரையில் பட்டு எழும்போது வருமே, அப்படி 'பிங்' என்று ஓர் உலோகச் சத்தம் காதில் தெறிக்கும். முதல் தடவை கேட்டவுடன் தலையைத் தூக்கி சாரைப் பார்ப்பீர்கள். சில அங்குலம் தள்ளித் தள்ளிச் சுண்டிக்கொண்டே போனால் அந்தச் சத்தம் எங்கே ஆரம்பித்து எங்கே நிற்கிறது என்று மாட்டின் மேலேயே ஒரு வட்டம் வரைந்துவிடலாம். மலிவான ஸ்டெதஸ்கோப்பிலும் அதே பிங்தான்.

தெர்மாமீட்டர் டிஜிட்டலாக, நீர் புகாததாக இருக்கட்டும். பாதரசம் வைத்த கண்ணாடி வேண்டவே வேண்டாம், உள்ளே உடைந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அதன் பின்முனையில் ஒரு நூலும் க்ளிப்பும் கட்டி, உள்ளே வைத்ததும் க்ளிப்பை வாலில் மாட்டிவிடுங்கள். மாடு சாணம் போட்டால் தெர்மாமீட்டர் அதோடு சேர்ந்து தரைக்குப் போகாது, உள்ளேயும் நழுவாது. மனிதருக்கு 37 என்று பழகிய மனசு நாய்க்கும் மாட்டுக்கும் 38-க்கு மேல், 39 சொச்சம் வரைகூடச் சாதாரணம் என்பதை ஏற்றுக்கொள்ளக் கொஞ்சம் நாளாகும்.

கைக்கடிகாரம் நொடி முள்ளோடு வேண்டும், ஆனால் மணிக்கட்டில் கூடாது. மோதிரம், வளையல், கயிறு எதுவுமே முழங்கைக்குக் கீழே இருக்கக்கூடாது. அவற்றின் அடியில் சோப்பு போகாது. சட்டையில் குத்தித் தொங்கவிடுகிற செவிலியர் கடிகாரம் இதற்கு வசதி, சிலிகான் உறை போட்டது. போனில் பார்த்துக்கொள்ளலாமே என்பீர்கள். ஓய்வாக நிற்கிற குதிரைக்கு நிமிடத்துக்கு 28-லிருந்து 44 துடிப்புதான், பொறுமையாக எண்ண வேண்டும். பூனைக்கு 200-ஐத் தொடும், எண்ணிக்கை தவறிக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் கண் முன்னால் ஓடுகிற முள்தான் சரி, அழுக்குக் கையால் போனைத் தொடுவது எந்தக் கணக்கிலும் சரியில்லை. போனை ஜிப் போட்ட பிளாஸ்டிக் உறையில் வையுங்கள், உறைக்கு மேலேயே திரை வேலை செய்யும், உறையைக் கழுவிக்கொள்ளலாம்.

தோள் வரை வருகிற நீளக் கையுறை பெரும்பாலும் கல்லூரியே கொடுக்கும். மெல்லிய பிளாஸ்டிக், ஒரே அளவு, அதனால் விரல் நுனியில் தொளதொளக்கும், சினை பார்க்கும்போது உள்ளே என்ன தொடுகிறோம் என்றே தெரியாது. அதன் மேல் உங்கள் அளவு நைட்ரைல் கையுறை ஒன்றைப் போட்டுக்கொண்டால் தொடு உணர்வு திரும்பி வரும். மேல்முனையைத் தோளில் ஒரு க்ளிப்பால் சட்டையோடு பிடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் சுருண்டு இறங்கி கையுறைக்குள்ளேயே சாணம் நிரம்பும். நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை, மலக்குடலின் சவ்வு அவ்வளவு மெல்லியது. குதிரைக்கு இன்னும் மெல்லியது, கிழிந்தால் குதிரையையே இழக்க நேரும். அறுவை சிகிச்சைக் கையுறைகள் அரை அரை எண்ணாக வரும், உங்கள் கைக்கு 6.5-ஆ 7-ஆ என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள், கேட்கும்போது விழிக்க வேண்டாம்.

தையல் பழக ஒரு நீடில் ஹோல்டர், அதாவது ஊசியைப் பிடிக்கிற கருவி, சொந்தமாக வேண்டும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மேயோ-ஹீகர் என்பது பிடிக்க மட்டும். ஓல்சன்-ஹீகரில் அதே வாய்க்குள் கத்தரியும் இருக்கும். தனியாகத் தைக்கிறவர்களுக்கு இரண்டாவது வசதிதான், ஆனால் புதிதாகப் பழகுகிறவர்கள் முடிச்சு போடும் நேரத்தில் தாங்களே நூலை வெட்டிவிடுவார்கள். முதலில் மேயோ-ஹீகரில் கை படியட்டும். இடது கைக்காரர்களுக்கென்று தனியாகச் செய்த கருவிகள் கிடைக்கின்றன, ஒன்றைத் தேடி வாங்குங்கள். ஆனால் எல்லா அறுவை அரங்கிலும் அது கிடைக்காது என்பதால் வலது கைக் கருவியின் பிடியில் இருக்கிற பூட்டுப் பல்லை இடது கையால் விடுவிக்கவும் பழகிக்கொள்ளுங்கள். பழகுவதற்கு விலையுயர்ந்த சிலிகான் தோல் அவசியமில்லை. முடிச்சுக்கு நாற்காலிக் கைப்பிடியில் கட்டிய ஷூ லேஸ், தையலுக்குக் கெட்டியான ஃபோம். காலாவதியான தையல் நூலைக் கிளினிக்குகளில் கேட்டால் பழகுவதற்கென்று கொடுத்துவிடுவார்கள்.

சில்லறை சாமான்களில் நான் விடாமல் வைத்திருந்தது அழியாத மார்க்கர். ரத்தம் எடுத்த குழாயில் மாட்டின் எண்ணை அங்கேயே எழுதிவிட வேண்டும், அதுவும் மூடியில் இல்லை, குழாயில். மூடிகள் ஆய்வகத்தில் கழன்று ஒன்றுக்கொன்று இடம் மாறும். டார்ச் வாங்கினால் நீல வெளிச்சம் அடிக்காத, கொஞ்சம் மஞ்சள் கலந்த வெளிச்சமாகப் பாருங்கள், நீல ஒளியில் நல்ல ஈறும் வெளிறித் தெரியும். பேண்டேஜ் கத்தரிக்கோல் உங்களுடையது என்று ஊருக்கே தெரியும்படி பெயிண்ட் அடித்து வையுங்கள், இரவல் போனால் திரும்பாத சாமான்களில் அதற்குத்தான் முதலிடம்.

வாங்கவே வேண்டாதவை: மைக்ரோஸ்கோப், எக்ஸ்ரே அறைக்கான ஈய ஏப்ரன், கதிர்வீச்சை அளக்கிற டோசிமீட்டர் பேட்ஜ், மூக்கணாங்கயிறு, தலைக்கயிறு எல்லாம் கல்லூரியில் இருக்கும். ஈய ஏப்ரனை மட்டும் மடித்து வைக்காமல் தொங்கவிடுங்கள், மடித்த இடத்தில் உள்ளே விரிசல் விழும், வெளியே பார்த்தால் தெரியாது. பன்றிப் பண்ணைக்குப் போகிற அன்று காதடைப்பான் எடுத்துப் போங்கள், பிடித்த பன்றி கத்துவது 100 டெசிபெலைத் தாண்டும்.

படிப்புக்கான சாமான்களுக்கு வந்தால், கழுவுகிற கேள்வி இங்கேயும் உண்டு. டேப்லெட் வகுப்புக்கும் லைப்ரரிக்கும் அருமை, ஸ்லைடு மேலேயே எழுதலாம், மூட்டை தூக்க வேண்டியதில்லை. டிசெக்‌ஷன் ஹாலுக்குள்ளும் தொழுவத்துக்குள்ளும் அது வரக்கூடாது. அங்கே லேமினேட் செய்த அட்டைகளும், நீர் புகாத தாள் வைத்த பாக்கெட் நோட்டும் பென்சிலும்தான். ஒவ்வொரு இனத்துக்கும் வெப்பநிலை, துடிப்பு, மூச்சு மூன்றும் ஓர் அட்டையில். அதைத் துடைத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளலாம்.

மனித மருத்துவம் படிக்கிற நண்பர்கள் ஓர் உடலைப் படிக்கிறார்கள். நமக்கு நாய், பூனை, குதிரை, மாடு, ஆடு, பன்றி, கோழி என்று வரிசை நீள்கிறது. குதிரைக்குப் பித்தப்பை கிடையாது, அதனால் வாந்தி எடுக்கவும் முடியாது. மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் இல்லை. பூனைக்குப் பாரசிட்டமால் விஷம், அதை உடைத்து வெளியேற்றுகிற வேதிவழி அதன் ஈரலில் மிகக் குறைவு. சைலசின் என்ற மயக்க மருந்து குதிரைக்குத் தருகிற அளவில் பத்தில் ஒரு பங்கு மாட்டுக்குப் போதும், குதிரை அளவை மாட்டுக்குப் போட்டால் விபரீதம். அட, மேலே பித்தப்பைக்கும் வாந்திக்கும் 'அதனால்' போட்டேனே, அதைக் கவனித்தீர்களா? இரண்டும் உண்மை, ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லை. குதிரை வாந்தி எடுக்காததற்குக் காரணம் உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் இருக்கிற இறுக்கமான தசை வளையம். ஒன்றின் கீழ் ஒன்றாகப் பத்திபத்தியாகப் படித்தால் மூளை இப்படித்தான் பொய் முடிச்சுகள் போடும். அதனால் என் பரிந்துரை ஒரு பெரிய தாள், ஸ்கேல், பென்சில்: மேலே இனங்கள், பக்கவாட்டில் உறுப்பு அல்லது மருந்து, கட்டம் கட்டமாக. தேர்வுக்கு முன் காலிக் கட்டங்களை மறுபடி நிரப்பிப் பாருங்கள். எது நிரம்பவில்லையோ அதுதான் அன்றைய பாடம்.

ஃபிளாஷ்கார்டுக்கு, அதாவது ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் பதிலும் உள்ள அட்டைகளுக்கு, ஆன்கி என்ற மென்பொருள். 2006-லிருந்து இருக்கிறது, கணினியில் இலவசம், மறக்கப்போகிற நேரம் பார்த்து அட்டையை மறுபடி காட்டும். எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885-இலேயே தன்னையே சோதனைப் பொருளாக்கி மறதியின் வேகத்தை அளந்து எழுதிவிட்டார், இந்த மென்பொருள்கள் எல்லாம் அதன் பேரப்பிள்ளைகள். சீனியர்கள் கொடுக்கிற ஆயிரக்கணக்கான அட்டைகளை அப்படியே இறக்கிக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அட்டை எழுதும்போதுதான் பாதி ஏறுகிறது, அடுத்தவர் எழுதியதில் அந்தப் பாதி அடுத்தவரிடமே இருக்கும். படத்தில் பெயரை மறைத்துக் கேட்கிற வகை அட்டைகள் அனாட்டமிக்கும், திசுக்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் படிக்கிற ஹிஸ்டாலஜிக்கும் மிகப் பொருத்தம்.

டிசெக்‌ஷன் ஹாலில் பல கல்லூரிகளில் போட்டோ எடுக்கக்கூடாது. அது நல்லதற்கே. வரையுங்கள். தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள், நிணநீர் பச்சை, இந்த நான்கு பென்சில் போதும், ஹிஸ்டாலஜிக்கு இளஞ்சிவப்பும் ஊதாவும் கூட. ஓவியம் வராது என்பவர்கள்தான் நன்றாகப் படிப்பார்கள், ஏனென்றால் ஒரு கோடு எங்கே போகிறது என்று உடலைத் திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் போட வேண்டியிருக்கும். எலும்புகளுக்கு எந்தச் செயலியும் வேண்டாம். எலும்பறையில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் கையில் வாங்குங்கள். எந்த எலும்பு, இடதா வலதா, எந்த மிருகம். வாய்மொழித் தேர்வான வைவாவில் கேட்பதும் அதே வரிசைதான்.

புத்தகத்தில் பழைய பதிப்பு வாங்கலாமா என்று கேட்பார்கள். அனாட்டமிக்குத் தாராளமாக. மாட்டுக்கு இருபது வருடத்தில் புது எலும்பு எதுவும் முளைத்துவிடவில்லை. மருந்தியலுக்கும் தொற்றுநோய்க்கும் பழையது வேண்டாம், அளவுகளும் தடைகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. அவசரத்துக்குப் பார்க்க, 1955-இல் முதல் பதிப்பு கண்ட மெர்க் வெட்டரினரி மேனுவல் இப்போது இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது, போனில் புக்மார்க் போட்டுவிடுங்கள்.

இதையெல்லாம் வைக்க அழகான பேக் எதற்கு? மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிகள் இரண்டு, ஒன்றில் சுத்தமானவை, ஒன்றில் அழுக்கானவை, வேறு வேறு நிறத்தில். சோப்பு, பிரஷ், துண்டு, மாற்றுடை, காலிப் பைகள். குழாயடியில் வைத்துப் பெட்டியையே கழுவலாம்.

கடையில் கிடைக்காத ஒன்று பாக்கி இருக்கிறது: வெறிநோய்த் தடுப்பூசி. கடிபடும் முன்பே போட்டுக்கொள்கிற வகை. இதற்கு முதல் ஊசி போடுகிற நாளை 0 என்று வைத்து, 0-ஆம் நாளும் 7-ஆம் நாளும் என இரண்டு தவணை போதும் என்பது 2018-லிருந்து உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உங்கள் கல்லூரியின் விதி மூன்று என்றால் மூன்றே போடுங்கள். டெட்டனஸ் ஊசியும் எப்போது போட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே போட்டவர்களுக்கும் சந்தேகமான கடி பட்டால் 15 நிமிடம் சோப்புத் தண்ணீரில் காயத்தைக் கழுவுவதும், அதன்பின் ஊக்க ஊசிகளும் உண்டு, ஆனால் தயார் நிலையில் எதிர்ப்புப் புரதங்களைத் தருகிற இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. அது எப்போதும் எங்கேயும் கிடைக்கிற மருந்து இல்லை. தடுப்பூசி அட்டையை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து உங்கள் போனிலும், கூடவே பண்ணைக்கு வருகிற நண்பரின் போனிலும் போட்டு வையுங்கள், அவசரப் பிரிவில் முதலில் கேட்பது அந்தத் தேதிகளைத்தான்.